வண்டியில் கை வைத்தால் வொரண்டி போகுமா?

காங்கேசன்துறை வீதியில் இணுவிலைத் தாண்டி மருதனார்மடச் சந்திக்கு வந்தால், விடியற்காலையிலேயே சந்தைப் பக்கம் வாகனங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பட்டா, கன்டர் லொறி, ஓட்டோ, லான்ட்மாஸ்டர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஒன்றுக்குப் பெட்டி உயர்த்தியிருக்கும். இன்னொன்றுக்கு முன்னால் ஆறு லைட் பூட்டியிருக்கும். மற்றதற்குப் பின் ஸ்பிரிங் தகடு கூட்டி, பின்பக்கம் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். கொம்பனியிலிருந்து வந்தபடியே நிற்கும் வாகனம் ஒன்றைக் காட்டு என்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தச் சந்தையில் மரக்கறி வாங்கித் தம்புள்ளைக்கு ஏற்றும் வியாபாரி ஒருவர் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, தேநீர்க் கடையில் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"நானா, கொம்பனிக்காரன் வொரண்டி இல்லையெண்டு சொல்லிப்போட்டான். நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சுப் பாருங்கோ."

"என்ன தம்பி, வாகனம் எடுத்து ஒரு வருசம் கூட ஆகல்லையே?"

"எட்டு மாசம். அதுதான் விளங்கேல்லை."

அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். நான் சட்டத்தரணியும் அல்ல, மெக்கானிக்கும் அல்ல. பத்தாம் வகுப்போடு வாப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். ஆனால் கடை வைத்திருப்பவன் எவனுக்கும் வாகனம் என்பது கடையின் பாதி. அதில் போகும் காசு நம் முதலில் இருந்துதான் போகிறது. ஆகவே இது ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம்.

ஐந்து வருடம் மறந்துபோன ஒரு சொல்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் கதவு மீண்டும் திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் நாம் இருந்த வாகனத்தை ஒட்டுப் போட்டு, பிரித்துப் பூட்டி, பழைய பாகம் தேடி ஓட்டினோம். வொரண்டி என்ற சொல்லே மறந்துவிட்டது. புது வாகனத்துக்குச் செய்வதையும் பழைய வாகனத்துக்குச் செய்வதையும் வேறுபடுத்திப் பார்க்கும் பழக்கமும் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. வாகனத்தை மாற்றியமைப்பது யாழ்ப்பாணத்தவருக்கு இரத்தத்தில் ஊறியது. 1990 ஒக்டோபரில் நாங்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு இருபது வயது. புத்தளத்தில் இருந்துவிட்டு, 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் ஊர் பார்க்க வந்தேன். வீதியில் ஒஸ்டின், மொரிஸ் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் அவற்றுக்குப் பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் வராத ஊரில் பாகத்தைக் கடைந்தே செய்தார்கள். அந்தக் கைத்திறனுக்கு நான் இன்றும் தலை வணங்குகிறேன். அது இல்லாவிட்டால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க முடியாது.

ஆனால் அந்தக் கார்களுக்கு வொரண்டி கொடுத்தவன் எவனும் இல்லை. இழக்க ஒன்றும் இருக்கவில்லை. இன்று லீசிங்கில் பெரும் தொகை கட்டி எடுக்கும் புது வாகனத்துக்கு அப்படியல்ல. அதே கை, அதே துணிச்சல், ஆனால் கணக்கு வேறு.

வொரண்டி என்பது என்ன?

வொரண்டி என்றால் எது பழுதானாலும் கொம்பனி திருத்தித் தரும் என்பதுதான் நம்மவர் பலரின் எண்ணம். அது தவறு. வாகனம் செய்தவரின் பொருளிலோ வேலையிலோ குறை இருந்து, அதனால் பழுது வந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் அல்லது குறிப்பிட்ட தூரத்துக்குள் காசில்லாமல் திருத்தித் தருவோம் என்ற ஒப்பந்தம் அது. காலமோ தூரமோ, எது முதலில் முடிகிறதோ அத்தோடு வொரண்டியும் முடியும். பிரேக் பேட், கிளச் தட்டு, வைப்பர் ரப்பர், பல்ப் போன்ற தேய்மானப் பாகங்கள் பெரும்பாலும் அதற்குள் வராது. டயருக்கும் பற்றரிக்கும் அவற்றைச் செய்த கொம்பனிகளின் தனி வொரண்டி இருக்கும். குறித்த கிலோமீற்றரில் சேர்விஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

ரீகண்டிஷன் வாகனம் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஜப்பானில் ஒருவர் ஓட்டிய வாகனத்தின் உற்பத்தியாளர் வொரண்டி பெரும்பாலும் அந்த நாட்டோடு நின்றுவிடும். இங்கே விற்பவர் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் என்று கொஞ்சக் காலம் கொடுப்பது அவருடைய சொந்த வொரண்டி. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். வாய்ச்சொல்லை நம்பி வீட்டுக்கு வந்தால் பிறகு கேட்க எதுவும் இருக்காது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். வாகனத்தில் ஒரு மாற்றம் செய்தால் முழு வொரண்டியும் போய்விடுமா? கராஜில் கேட்டால் "ஒன்றும் ஆகாது" என்பார்கள். முகவர் நிலையத்தில் கேட்டால் "எல்லாம் போய்விடும்" என்பார்கள். இரண்டும் சரியல்ல. நியாயமான அளவுகோல் ஒன்றுதான். செய்த மாற்றம் இந்தப் பழுதுக்குக் காரணமா, இல்லையா என்பதே அது.

எந்த மாற்றம் எங்கே கடிக்கும்?

என் நண்பரின் சிறு லொறிக்கு என்னென்ன செய்தார் என்று கேட்டேன். பலகை அடித்துப் பெட்டியை உயர்த்தினார். பின்னால் இரண்டு ஸ்பிரிங் தகடு கூட்டினார். ஒரு சுற்றுப் பெரிய டயர் போட்டார். ஹெட்லைட்டுக்கு 100 வொட் பல்ப், முன்னால் நான்கு மேலதிக லைட், உள்ளே பெரிய பாட்டுப் பெட்டி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஸ்பிரிங். தகடு கூட்டினால் வாகனம் பின்னால் குந்தாது, உண்மைதான். அதனால் பாரம் குறைந்துவிட்டதாக நமக்கு ஒரு மயக்கம் வருகிறது. பாரம் எங்கும் போகவில்லை. ஸ்பிரிங் தாங்கிய பாரம் அச்சுக்கும், சக்கர பெயாரிங்குக்கும், சேசிக்கும், டயருக்கும் இறங்குகிறது. புறப்படும்போது கிளச் அதை இழுக்க வேண்டும். நிறுத்தும்போது பிரேக் அதைப் பிடிக்க வேண்டும். இவை எதையும் நாம் பெரிதாக்கவில்லை. உதாரணத்துக்கு, நம் ஊரில் டிமோ பட்டா என்று எல்லோரும் அழைக்கும் டாட்டா ஏஸ் 2005இல் இந்தியாவில் வந்தபோது, 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைவலு எஞ்சினோடு முக்கால் தொன் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது. அந்த அளவுக்குச் செய்த வண்டியில் ஒன்றரைத் தொன் ஏற்றினால், ஸ்பிரிங் மட்டும் தாங்கி என்ன பயன்?

இரண்டாவது டயர். விட்டம் நூற்றுக்கு ஐந்து கூடிய டயர் போட்டால், மீற்றர் 60 காட்டும்போது வாகனம் 63இல் ஓடும். பொலிஸ் பிடித்தால் அந்த 3 கிலோமீற்றர் நம் தலையில். வொரண்டிக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. மீற்றர் குறைவாகக் காட்டுவதால், வாகனம் உண்மையில் 100,000 கிலோமீற்றர் ஓடியிருக்கும்போது மீற்றர் 95,000 சொச்சம்தான் காட்டும். "உங்கள் மீற்றரை நம்ப முடியாது" என்று முகவர் சொன்னால் நமக்குப் பதில் இல்லை. பெரிய டயர் சுழல்வதற்குக் கூடிய இழுவை வேண்டும். அதுவும் கிளச்சின் கணக்கில்தான் சேரும்.

மூன்றாவது மின்சாரம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சாதாரண ஹலோஜன் பல்ப் 60 வொட். 12 வோல்ட்டில் அது 5 அம்பியர் இழுக்கும். 100 வொட் பல்ப் 8.3 அம்பியர் இழுக்கும். கொஞ்சம்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தின்படி ஏறும். அதாவது அதே வயரில் ஏறத்தாழ 2.8 மடங்கு சூடு. பியூஸ் எரிகிறது என்று பெரிய பியூஸ் போட்டால், பியூஸ் தப்பும், வயர் எரியும். சில நேரம் வாகனமே எரியும். 500 வொட் உண்மையாகவே இழுக்கும் பாட்டுப் பெட்டி ஒன்று 40 அம்பியருக்கு மேல் கேட்கும். சிறு வாகனத்தின் ஒல்டனேற்றர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

அலாரமும் ஜிபிஎஸ்ஸும் பூட்டுபவர்கள் வயரைக் கீறி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போவார்கள். பழைய வாகனத்தில் ஒரு வயர் ஒரு வேலை செய்தது. இன்றைய வாகனத்தில் ஒரு சோடி வயரில் பல கணினிகள் பேசிக்கொள்கின்றன. அதில் கத்தி வைத்தால் சம்பந்தமே இல்லாத இடத்தில் பழுது காட்டும். முகவரின் ஆட்கள் டாஷ்போர்டைக் கழற்றி அந்த டேப்பைக் கண்டதும், மின்சாரம் சம்பந்தமான வொரண்டிக்கு அநேகமாக அன்றோடு முற்றுப்புள்ளி.

நான்காவது எஞ்சின். சத்தத்துக்காகச் சைலன்சரை மாற்றுவது, உள்ளே இருக்கும் புகை சுத்திகரிப்பானைப் பிடுங்குவது, கணினியில் அளவுகளை மாற்றி இழுவை கூட்டுவது எல்லாம் இளைஞர்களிடையே பரவியிருக்கின்றன. புகை சுத்திகரிப்பானைப் பிடுங்கினால் சென்சர் எஞ்சின் விளக்கை எரிய விடும். 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையிலும் வாகனம் சிக்கலாம். எஞ்சின் கணினி ஒரு சாட்சிக்காரன் என்பதையும் மறக்கக் கூடாது. பழுது வந்த நேரத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதை அது குறித்து வைத்திருக்கும். "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று நாம் சொன்னாலும் அது உண்மையைச் சொல்லிவிடும்.

எண்ணெய் விடயமும் இதற்குள் வரும். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கம் நம் பக்கத்தில் நெடுநாள் இருந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 340 ரூபாவுக்கு ஏறியபோதுதான் அந்த ஆசை பலருக்கு விட்டது. டீசலுக்கு உள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லை. பழைய பம்ப் ஓரளவு பொறுத்தது. இன்றைய உயர் அழுத்த டீசல் எஞ்சினின் பம்பும் இன்ஜெக்டரும் அந்த வழுவழுப்பில்தான் உயிர் வாழ்கின்றன. டாங்கியில் இருந்து ஒரு போத்தல் மாதிரி எடுத்தால் போதும், கொம்பனிக்கு வேறு காரணம் தேவையில்லை.

மாற்றம் என்றே நாம் நினைக்காத சிலவும் உண்டு. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் பின் ஆசனத்தின் பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். அக்குவா போன்ற கார்களில் பெரிய பற்றரியைக் குளிரவைக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. ஆசன உறை தைத்து அதை மூடினாலோ, பக்கத்தில் துணிப் பொதியை அடுக்கினாலோ பற்றரி சூடாகும். பழுதானால் செலவு இலட்சக் கணக்கில். ஆசனத்தின் பக்கவாட்டில் எயார்பேக் உள்ள கார்களில் இறுக்கமான உறை அது விரிவதையே தடுக்கலாம். முன்பக்கம் பூட்டும் இரும்புக் காவலும் அப்படித்தான். மோதலை உணரும் சென்சரையும், நசுங்கி அடியைத் தாங்கும் முன்பகுதியையும் அது குழப்பிவிடும் என்பதால், இந்திய அரசு 2017 டிசம்பரில் அவற்றை அகற்றும்படி மாநிலங்களுக்கு அறிவித்தது.

இந்தியாவில் நடந்த பெரிய வழக்கு

இப்போது கொம்பனிகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளியில் திருத்தினாய், வெளிப் பாகம் போட்டாய், ஆகவே எல்லா வொரண்டியும் இரத்து என்று கொம்பனி சொல்லலாமா?

இந்தியாவில் ஷம்ஷேர் கட்டாரியா என்ற வாகன உரிமையாளர் 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். கார்க் கொம்பனிகள் உதிரிப்பாகத்தையும் திருத்தும் விபரங்களையும் வெளிச் சந்தைக்கு விடுவதில்லை, அதனால் வாடிக்கையாளர் கொம்பனி சொன்ன விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே முறைப்பாடு. மூன்று கொம்பனிகளுக்கு எதிராகத் தொடங்கிய விசாரணை விரிந்து, 2014 ஓகஸ்ட் 25இல் 14 கார்க் கொம்பனிகளுக்கு எதிராக உத்தரவு வந்தது. மாருதி, டாட்டா, மஹிந்திரா, டொயோட்டா, ஹொண்டா எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மொத்த அபராதம் 2,544 கோடி இந்திய ரூபாவுக்கு மேல். கொம்பனிகள் மேன்முறையீட்டுக்குப் போனது வேறு கதை.

நமக்குத் தேவையானது அந்த உத்தரவிலுள்ள ஒரு கட்டளை. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் முழு வொரண்டியையும் இரத்துச் செய்யும் நிபந்தனை போடக் கூடாது என்று ஆணையம் சொன்னது. வெளியில் செய்த பிழையான வேலையால் பழுது வந்திருந்தால், அந்தப் பழுதின் அளவுக்குத்தான் வொரண்டியை மறுக்கலாம்.

அமெரிக்காவிலும் இதுவே போக்கு. அங்கே 1975இல் வந்த மக்னுசன் மொஸ் வொரண்டிச் சட்டத்தின்படி, எங்கள் கொம்பனிப் பாகத்தைத்தான் காசு கொடுத்து வாங்கிப் பூட்ட வேண்டும் என்று வொரண்டிக்குப் பொதுவாக நிபந்தனை போட முடியாது. ஆனால் பூட்டிய வெளிப் பாகம்தான் பழுதைத் தந்தது என்று கொம்பனி காட்டினால், அந்தப் பழுதுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

அதே இந்தியாவில் மறுபக்கத் தீர்ப்பும் உண்டு. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து சென்ற வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்றது. வெளியில் திருத்தும் உரிமை வேறு, வாகனத்தின் அமைப்பையே மாற்றும் உரிமை வேறு. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் என்ன பிடி உண்டு?

இந்தியத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. நமக்கு முதல் பிடி வொரண்டிப் புத்தகமே. அதில் எழுதியிருப்பதற்கு மேல் நாமும் கேட்க முடியாது, கொம்பனியும் மறுக்க முடியாது. அதற்கு அப்பால், பொருள் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கின்றன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கொடுத்த வொரண்டிக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி விசாரிக்கும் அதிகாரத்தை அந்தச் சபைக்குக் கொடுத்திருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் விற்ற அல்லது சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே புது வாகனத்தில் முதல் மாதத்திலேயே குறை கண்டால், "பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடக் கூடாது.

வொரண்டியைத் தவிர இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் லீசிங் கொம்பனி. தவணை முடியும் வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் அவரே. அவருடைய வாகனத்தில் அவரைக் கேட்காமல் கை வைக்கிறோம். மற்றவர் காப்புறுதிக் கொம்பனி. சொல்லாத மாற்றம் ஒன்று விபத்தின் பிறகு வெளிப்பட்டால் நட்டஈடு சிக்கலாகும். மூன்றாமவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். பெட்டியின் அமைப்பு, நிறம், எஞ்சின் போன்றவற்றை மாற்றினால் அங்கே அறிவித்துப் பதிவில் திருத்தம் செய்ய வேண்டும். 2025இல் மேலதிக லைட், சத்தமான சைலன்சர் போன்றவற்றைப் பொலிஸார் வீதியில் நிறுத்திக் கழற்றியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நண்பரின் கதை எப்படி முடிந்தது?

நண்பரோடு முகவர் நிலையத்துக்குப் போனேன். அவருடைய முறைப்பாடு மூன்று. பின் சக்கர பெயாரிங் இரைச்சல். கிளச் வழுக்குகிறது. தண்ணீர் பம்பில் கசிவு. மூன்றுக்கும் ஒரே பதில் கிடைத்தது. "வாகனம் மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது, வொரண்டி இல்லை."

வெளியே வந்து நண்பரிடம் சொன்னேன். "தம்பி, பெயாரிங்கையும் கிளச்சையும் மறந்துவிடுங்கள். இரண்டு தகடு கூட்டி, பெரிய டயர் போட்டு, பெட்டியை உயர்த்தி ஏற்றினது நீங்கள்தான். கிளச் தட்டு எப்படியும் தேய்கிற சாமான். ஆனால் தண்ணீர் பம்புக்கும் உங்கட ஸ்பிரிங்குக்கும் என்ன சம்பந்தம்? அதைக் கேட்போம்."

அவருக்கு முதலில் என் மேல் கோபம். மூன்றையும் வாங்கித் தருவேன் என்று நம்பியல்லவா அழைத்து வந்தார். இரவு முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் சம்மதித்தார். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். வாகனத்தில் செய்த மாற்றங்களை ஒன்றும் மறைக்காமல் குறிப்பிட்டோம். பெயாரிங்கையும் கிளச்சையும் கேட்கவில்லை என்று எழுதினோம். தண்ணீர் பம்பின் கசிவுக்கு இந்த மாற்றங்களில் எது காரணம் என்று எழுத்தில் தரும்படி கேட்டோம். வொரண்டிப் புத்தகத்தில் எந்த வாசகத்தின்படி மறுக்கப்படுகிறது என்றும் கேட்டோம். சேர்விஸ் பில்களின் பிரதியை இணைத்தோம்.

பத்து நாளில் பதில் வந்தது. பம்பை மாற்றிக் கொடுத்தார்கள். பெயாரிங்குக்கும் கிளச்சுக்கும் நண்பர் தன் கையால் கட்டினார். ஒரு இலட்சத்துக்கு மேல் போனது. அது மட்டுமா, ஒரு வாரம் வாகனம் நின்றதால் வாடகை லொறியில் மரக்கறி ஏற்றிய கூலி வேறு. தகடு கூட்டியதால் ஒரு பயணத்துக்கு நாலு மூடை கூட ஏற்றி உழைத்த இலாபத்தை எழுதிப் பார்த்தார். இரண்டும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. எட்டு மாதம் கூடப் பாரம் இழுத்ததன் மிச்சம் ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். தகடுகளை இப்போது கழற்றிவிட்டார். பெட்டியின் உயரம் மட்டும் இருக்கிறது. மரக்கறி மூடைக்கு அது தேவை, அதைக் கழற்றச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

செய்யும் முன் செய்ய வேண்டியவை

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வியாபாரத்துக்கு ஏற்ற மாதிரி வாகனம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

1. வொரண்டிப் புத்தகத்தை வாங்கும் அன்றே வாசியுங்கள். இங்கிலீசு விளங்காவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து, எவையெல்லாம் சேராது என்று எழுதியிருக்கும் பக்கத்தை மட்டுமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. செய்ய நினைக்கும் மாற்றத்தை முகவருக்கு எழுதிக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, பதில் எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டு "பிரச்சினையில்லை அங்கிள்" என்பது பதில் அல்ல.

3. முகவரே பூட்டித் தரும் மேலதிகப் பாகம் இருந்தால், விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். அது வொரண்டிக்குள் வருமா என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

4. மேலதிக லைட் பூட்டினால் பற்றரியிலிருந்து தனி வயர், தனி ரிலே, அளவான பியூஸ் போட்டுப் பூட்டுங்கள். வாகனத்தின் வயரை வெட்ட விடாதீர்கள்.

5. கழற்றிய கொம்பனிப் பாகத்தை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். பொதி கட்டி வைத்திருங்கள்.

6. சேர்விஸ் பில், ஒயில் பில், பாகம் வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரே கோவையில் திகதிப்படி வையுங்கள்.

7. லீசிங் கொம்பனிக்கும் காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

8. வொரண்டி மறுக்கப்பட்டால் சத்தம் போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழுதான பாகத்தைப் படம் எடுங்கள். வேண்டுமானால் சம்பந்தமில்லாத ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டி அவருடைய அபிப்பிராயத்தையும் எழுதி வாங்குங்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி நமக்கு மார்க்கமே சொல்லித் தந்திருக்கிறது. கடனுக்கு மட்டும் எழுதி, வாகனத்துக்கு வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

நாமும் விற்பவர்கள்தானே

கடைசியாக ஒன்று. இதை வாசிப்பவர்களில் பலர் உதிரிப்பாகக் கடை, டயர்க் கடை, அலங்காரப் பொருள் கடை, கராஜ் வைத்திருப்பவர்கள். கொம்பனியின் பதிலைக் கேட்டுக் கோபப்படும் நாம், நம் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது என்ன செய்கிறோம்?

100 வொட் பல்ப் கேட்டு வரும் பையனிடம், உன் வாகனத்தின் வயர் இதைத் தாங்காது, ரிலே போடு என்று ஒரு வார்த்தை சொல்கிறோமா? ஸ்பிரிங் தகடு பூட்டும்போது, வொரண்டி இருக்கிறதா, முகவரைக் கேட்டாயா என்று விசாரிக்கிறோமா? சொன்னால் அந்தப் பல்ப் விற்காமல் போகலாம் என்ற பயம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சேவை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்தார் என்ற உத்தரவாதம், சொல்லாவிட்டாலும் அந்த ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. கராஜ்காரரையும் அது கட்டும். பாவித்த வாகனம் விற்பவரும் அப்படியே. செய்த மாற்றத்தை மறைத்து விற்றால் வாங்கியவர் முகவர் நிலையத்தில் அவமானப்படுவார். அடுத்த முறை நம் கடைப் பக்கம் வரமாட்டார்.

மருதனார்மடத்து நண்பருக்குத் தகடு பூட்டிய கராஜ்காரரை அண்மையில் சந்தியில் கண்டேன். "நானா, இப்ப புது வாகனம் வந்தா முதல்ல வொரண்டிப் புத்தகத்தைக் கொண்டு வா எண்டுதான் கேக்கிறன்" என்றார். "வேலை குறையல்லையா?" என்று கேட்டேன். "கொஞ்சம் குறைஞ்சது. ஆனா சண்டை முழுக்கக் குறைஞ்சது" என்றார்.